குதிரை லாயத்துக்குக் கரண்ட், விளக்கு, கேமரா: தரை போடுவதற்கு முன்பே போட வேண்டிய திட்டம்

எங்கள் பெண் குதிரை மூன்று நாள் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கவில்லை. வாளியில் கொடுத்தால் மடமடவென்று குடித்தது. தொட்டிப் பக்கம் போனால் மூக்கை நீட்டும், உதடு தண்ணீரில் பட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பின்வாங்கும். பல்லில் ஏதோ கோளாறு என்று மருத்துவரை அழைத்தோம். பல் நன்றாக இருந்தது. பாசி நாற்றமாக இருக்கும் என்று தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். நான்காம் நாள் பக்கத்து ஊர் ஒயர்மேன் அண்ணன் வந்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தொட்டிக்கு வரும் இரும்புக் குழாயிலும் மறுமுனையை ஈரத் தரையிலும் வைத்தார். 7 வோல்ட் காட்டியது. பம்ப் மோட்டாரில் கசிவு. முதலில் ஒயரிங் செய்தவர் மோட்டாருக்கு எர்த் ஒயரே இழுத்திருக்கவில்லை. நாங்கள் ரப்பர் செருப்போடு அதே குழாயைத் தினமும் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஒரு சுரீர் கூடத் தெரியவில்லை.

குதிரைக்கு ஏன் தெரிந்தது? அதற்குச் செருப்பு இல்லை. காலில் இரும்பு லாடம், நிற்பது மூத்திர ஈரத்தில். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி, அந்த வழியில்தான் இதயமும் இருக்கிறது. பசுவின் உடம்புத் தடையை 500 ஓம் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். நமக்கு வறண்ட கையோடு ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே மாடு தண்ணீர் குடிக்கத் தயங்கும், பால் இறக்க மறுக்கும். இங்கிலாந்தின் நியூபரி பந்தய மைதானத்தில் 2011 பிப்ரவரியில், பந்தயத்துக்கு முன்பு புல்தரையில் சுற்றிவந்த குதிரைகளில் இரண்டு சரிந்து விழுந்து செத்தன. புல்லுக்கு அடியில் கிடந்த பழைய கேபிள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. கூடவே நடந்த மனிதர்கள் பிழைத்தார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் நான் அதிகம் பேசப்போவது விளக்கைப் பற்றியோ கேமராவைப் பற்றியோ அல்ல, எர்த்தைப் பற்றி. விளக்கு தப்பான இடத்தில் இருந்தால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். தரைக்குள் போட வேண்டியதைப் போடாமல் கான்கிரீட் கொட்டிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வேலூரைச் சுற்றிக் காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு பக்கம் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் இரண்டு முதல் ஆறு குதிரை வரை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இந்த மண்ணுக்குக் குதிரை புதிதல்ல. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது அதை அடக்க ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு ஆற்காட்டிலிருந்துதான் பாய்ந்து வந்தான். பொய்கைச் சந்தையில் மாடு வாங்கிக் கட்டியிருப்பவர்களுக்கும், எருது விடும் விழாவுக்குக் காளை வளர்ப்பவர்களுக்கும் இதில் உள்ளதெல்லாம் பொருந்தும். உயரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தாளில் வரையுங்கள்

கட்டடம் எழும்புவதற்கு முன் ஒரு கட்டம் போட்ட தாளில் லாயத்தை வரையுங்கள். குதிரை நிற்கும் அறைகள் (12 அடிக்கு 12 அடி நல்ல அளவு), நடுவில் நடைபாதை, தீவன அறை, வைக்கோல் வைக்கும் இடம், லாடம் கட்டவும் மருத்துவர் பார்க்கவும் ஒரு மூலை, குளிப்பாட்டும் இடம், தண்ணீர்க் குழாய் வரும் வழி. மழைச்சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதையும் குறித்துவையுங்கள். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் வரும் திசையில் பிளக் பாயின்ட் வேண்டாம்.

அப்புறம் குதிரையின் எட்டும் தூரம். தலை தூக்கி உதட்டை நீட்டினால் சாதாரணக் குதிரைக்கே எட்டடிக்கு மேல் எட்டும். முன்னங்காலைத் தூக்கி எழுந்தால் இன்னும் மேலே. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் எழும்பி நிற்கும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அறைக்குள் பத்தடிக்குக் கீழே ஒயரோ, பெட்டியோ, ஸ்விட்சோ இருக்கக் கூடாது. ஸ்விட்சை அறைக்கு வெளியே, கம்பிக்கு நடுவில் மூக்கை நீட்டினாலும் எட்டாத இடத்தில் வையுங்கள். குதிரை உதட்டாலேயே ஸ்விட்சைத் தட்டப் பழகிவிடும்.

பிறகு சுமைக் கணக்கு. நான்கு குதிரை லாயத்துக்கு என் கணக்கு இது: 20 வாட் எல்.இ.டி. ட்யூப் பத்து, 200 வாட். சுவர் ஃபேன் நான்கு, 240 வாட். அரை எச்.பி. பம்ப், சுமார் 550 வாட். தீவனம் நறுக்கும் சாஃப் கட்டர் 2 எச்.பி., ஓடும்போது 2,000 வாட் வரை இழுக்கும். கேமராவும் அதன் பெட்டியும் 60 வாட். கூட்டினால் 3 கிலோவாட் சொச்சம். எல்லாம் ஒன்றாக ஓடினால், மோட்டார்கள் வாட் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும் என்பதையும் சேர்த்து, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 16 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கரண்ட் எங்கிருந்து வருகிறது

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிணற்று மோட்டாரின் இலவச விவசாய இணைப்பிலிருந்து லாயத்துக்கு ஒயர் இழுக்காதீர்கள். அது விவசாயத்துக்கென்று தரப்பட்டது, வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அபராதம் வரும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உங்கள் தேவையைச் சொல்லி, எந்தக் கட்டண வகையில் வரும் என்று கேட்டு, முறையாக வாங்குங்கள். ஒயரிங் வேலையை உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். இந்த வழிகாட்டியைப் படித்துவிட்டு நீங்களே செய்வதற்கு அல்ல, அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கு.

வீட்டு மீட்டரிலிருந்து லாயத்துக்கு எவ்வளவு தூரம்? தூரம் கூடக் கூட வழியிலேயே வோல்டேஜ் குறையும். 60 மீட்டர் தூரம், 16 ஆம்பியர் சுமை என்று வைத்துப் பாருங்கள். செம்பு ஒயர் 2.5 ஸ்கொயர் (ஒயரின் குறுக்களவு, சதுர மி.மீ.) போட்டால் 17 வோல்ட் வழியில் போய்விடும். 4 ஸ்கொயரில் 10 அல்லது 11 வோல்ட். 6 ஸ்கொயரில் 7 வோல்ட், அதாவது 3 சதவீதம். 6 தான் சரி. சாயங்காலம் கிராமத்து லைனில் ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கியிருக்கும்போது இந்த 10 வோல்ட் வித்தியாசத்தில்தான் சாஃப் கட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும், கப்பாசிட்டர் கருகும். காசு இடித்தால் 10 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு கேபிள் போடலாம். தடையில் அது 6 ஸ்கொயர் செம்புக்குச் சமம். ஆனால் அலுமினியத்துக்கு உரிய லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) நன்றாக அழுத்திப் பொருத்த வேண்டும். தளர்ந்தால் அந்த இடம்தான் முதலில் சூடேறும்.

கேபிளை மண்ணுக்குள் கொண்டுபோங்கள். 75 செ.மீ. ஆழம், அடியில் மணல், மேலே மணல், அதன்மேல் செங்கல் வரிசை, அதற்கும் மேல் எச்சரிக்கை நாடா. குதிரைகள் நடக்கும், புரளும் இடத்துக்கு அடியில் போகாமல் வேலி ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகட்டும், பத்து மீட்டர் கூடினாலும் பரவாயில்லை. பள்ளத்தை மூடும் முன் போனில் படம் எடுத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று எழுதிவையுங்கள்.

மூன்றாம் படி: எர்த்

நிதானமாகப் படியுங்கள்.

நம் பக்கம் வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து பேஸ், நியூட்ரல் இரண்டும் வரும். எர்த் நம் சொந்தக் குழியில்தான். குழியின் தடை 15 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணும் பாறையும் கலந்த நம் தரையில், கோடையில் அது சாதாரணம். பம்ப் மோட்டாருக்குள் பேஸ் ஒயர் உடம்பில் ஒட்டிவிட்டது. அந்த 15 ஓமோடு டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த் தடை இரண்டு ஓம் என்று சேர்த்து, 230 வோல்ட்டை 17 ஓமால் வகுத்தால் பதின்மூன்றரை ஆம்பியர். உங்கள் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) இதைச் சாதாரண சுமை என்று நினைத்துக்கொண்டு விழாமல் நிற்கும். மோட்டார் உடம்பும் அதோடு சேர்ந்த குழாயும் 200 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். "எம்.சி.பி. இருக்கிறது, எர்த்தும் இருக்கிறது, பிறகென்ன பயம்" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இதற்கு மருந்து ஆர்.சி.சி.பி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வழியில் தரைக்குப் போனாலே கண நேரத்தில் துண்டித்துவிடும். எர்த் சுமாராக இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் எர்த் ஒயரே இல்லையென்றால், கசிவு குதிரையின் உடம்பு வழியாகப் போன பிறகுதான் அதற்குத் தெரியும். எங்கள் தொட்டியில் நடந்ததைப் போன்ற சின்னக் கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடாமலே இருக்கவும் கூடும். ஆகவே ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், நல்ல எர்த்தும் வேண்டும், மூன்றாவதாகத் தரைக்குள் கம்பி வலையும் வேண்டும்.

எர்த் குழிக்கு 40 மி.மீ. ஜி.ஐ. பைப், பத்தடி ஆழம், சுற்றிலும் உப்பும் கரியும் அடுக்கு அடுக்காக. பத்தடி போகும் முன் பாறை தட்டினால் அதே இடத்தில் மல்லுக்கட்டாமல் மூன்று நான்கு மீட்டர் தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணையுங்கள். பாலாற்றுப் பக்கம் மணல் தரை என்றால் தோண்டுவது சுலபம், ஆனால் வெயிலில் மணல் காய்ந்து தடை ஏறிவிடும். பங்குனியிலிருந்து ஆடி வரை வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழி சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குதிரை நடக்கும் பாதையில் வேண்டவே வேண்டாம். கோளாறு வரும் நேரத்தில் குழியைச் சுற்றிய மண்ணிலேயே வோல்டேஜ் பரவும். குதிரையின் நீண்ட காலடிக்கு அதுவே ஆபத்து. குழியைச் சுற்றி வேலி கட்டிவிடுங்கள்.

இனி கம்பி வலை. குதிரை நிற்கும் தரை, குழாய், தொட்டி, கதவுச் சட்டம், அறைத் தடுப்புக் கம்பி எல்லாம் ஒரே வோல்டேஜில் இருந்தால் அவற்றுக்கு நடுவில் கரண்ட் ஓட வழியே இல்லை. கருத்து அவ்வளவுதான். செய்முறை இது: கான்கிரீட் கொட்டும் முன் ஆறு அங்குலக் கட்டம் உள்ள வெல்டிங் செய்த கம்பி வலையை அறை முழுக்கவும் நடைபாதையிலும் விரியுங்கள். வலைத் துண்டுகள் சேரும் இடத்தில் கட்டுக்கம்பியால் முறுக்கினால் போதாது, பல இடத்தில் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூலையில் ஜி.ஐ. பட்டையை வலையோடு வெல்டிங் செய்து சுவருக்கு மேலே கொண்டுவாருங்கள். தண்ணீர்க் குழாய், கதவுச் சட்டம், தடுப்புக் கம்பி, கூரையின் இரும்புத் தூண் எல்லாவற்றையும் 4 ஸ்கொயர் பச்சை ஒயரால் அந்தப் பட்டையில் இணைத்து, பட்டையை எர்த் ஒயர்கள் எல்லாம் சேரும் எர்த் பாருக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

லாயத்தின் வாசல்தான் இதில் நுட்பமான இடம். வெளியே வெறும் மண், உள்ளே வலை போட்ட தரை. முன்னங்கால் உள்ளேயும் பின்னங்கால் வெளியேயும் இருக்கும் அந்த ஒரு நொடியில் வித்தியாசம் தெரியும். வாசலில் வலையை அப்படியே வெட்டி நிறுத்தாமல் வெளிப்பக்கம் சரிவாக மண்ணுக்குள் இரண்டு மூன்று அடி இறக்கிவிடச் சொல்லுங்கள். கொத்தனார் கம்பி வீண் என்பார். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தரை ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? தொட்டிக்கு முன்னாலும் தீவன இடத்துக்கு முன்னாலும் கட்டிங் மெஷினால் கோடு கீறி, செம்புக் கம்பி பதித்து, சிமென்ட் பூசி, அதைக் குழாயோடு இணைக்கலாம். முழு வலைக்கு ஈடாகாது என்றாலும் குதிரை குடிக்கும் இடத்திலாவது பாதுகாப்பு கிடைக்கும். ரப்பர் பாயை நம்பி இருந்துவிடாதீர்கள். மூத்திரத்தில் நனைந்த பாய் கரண்டைத் தடுக்காது.

நான்காம் படி: டி.பி. பெட்டி

மெயினும் எம்.சி.பி.களும் இருக்கும் இந்தப் பெட்டி லாயத்துக்கு வெளியே, வாசல் பக்கம், சாரல் படாத இடத்தில், ஆள் உயரத்தில். தீப்பிடித்தால் உள்ளே போகாமலே மெயினை அணைக்க முடிய வேண்டும். பக்கத்திலேயே தீயணைப்பான் ஒன்று, குதிரையின் தலைக்கயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி.

மெயினில் 100 மில்லி ஆம்பியர், தாமதமாக விழும் வகை ஆர்.சி.சி.பி. ஒன்று. அதற்குக் கீழே 30 மில்லி ஆம்பியரில் தனித்தனியாக மூன்று: விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒன்று, பிளக் பாயின்ட்டுக்கும் பம்புக்கும் ஒன்று, சாஃப் கட்டருக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றே போட்டால், பம்பில் சின்னக் கசிவு வந்ததும் நடு இரவில் லாயமே இருண்டுவிடும். பிறகு யாராவது தொல்லை பொறுக்காமல் ஆர்.சி.சி.பி.யையே தாண்டி ஒயர் போட்டுவிடுவார்கள். அந்த நிலை வராமல் பார்ப்பதுதான் பிரித்துப் போடுவதன் பயன். விளக்கை இரண்டு எம்.சி.பி.யில் பிரியுங்கள், ஒன்று விழுந்தாலும் பாதி வெளிச்சம் இருக்கும். விளக்குக்கு 6 ஆம்பியர், பிளக்குக்கு 16, சாஃப் கட்டருக்கு 16 ஆம்பியர் சி வகை, மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கூடுதல் கரண்டுக்கு அது விழாது. கேமராவுக்குத் தனி வழி, அதை இன்வெர்ட்டரோடு பிறகு பார்ப்போம்.

ஐந்தாம் படி: பைப்பும் ஒயரும்

லாயத்துக் காற்றில் அமோனியா இருக்கும். காலையில் கதவைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அதுதான். செம்பையும் பித்தளையையும் அது அரிக்கும். திறந்திருக்கும் செம்பு முனை சில மாதத்திலேயே கறுத்துப் பச்சை பூக்கும். ஆகவே கனமான பி.வி.சி. பைப், ரப்பர் வளையம் உள்ள மூடிய ஜங்ஷன் பெட்டி. தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறியாக ஐ.பி. 65 என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பெட்டிக்குள் ஒயர் கீழ்ப்பக்கமிருந்து நுழையட்டும், பைப் வழியே வழியும் தண்ணீர் உள்ளே போகாது. தீவன அறையிலும் தாழ்வான இடங்களிலும் எலியும் அணிலும் கடிக்கும், அங்கே இரும்பு பைப் போட்டு அதையும் எர்த்தில் சேர்த்துவிடுங்கள்.

தகரக் கூரைக்கு ஒட்டிப் பைப் ஓட்டாதீர்கள். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும்போது தகரத்தைக் கையால் தொட முடியாது. சாதாரண பி.வி.சி. ஒயரின் தாங்குதிறன் 70 டிகிரி. வெயிலின் சூடும் கரண்டின் சூடும் சேர்ந்தால் உறை விறைத்து வெடிப்பு விடும். கூரையிலிருந்து ஓரடியாவது கீழே, சுவரோடு கொண்டுபோங்கள். விளக்குக்கு 1.5 ஸ்கொயர், பிளக்குக்கு 2.5, சாஃப் கட்டருக்கு 4.

வைக்கோல் வைக்கும் இடத்தில் பிளக் பாயின்ட்டே வேண்டாம். வாசலுக்கு வெளியே ஸ்விட்ச், உள்ளே மூடிய விளக்கு ஒன்று, அவ்வளவுதான். நீட்டிப்புப் பெட்டி இழுத்து ஃபேன் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே தடுக்க, தேவையான பிளக்கை இப்போதே போட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: விளக்கு

12க்கு 12 அடி அறை என்றால் 13 சதுர மீட்டர். 20 வாட் எல்.இ.டி. ட்யூப் ஒன்று சுமார் 2,000 லூமென் தரும். சுவரிலும் தூசியிலும் போனது போகத் தரையில் 90, 100 லக்ஸ் கிடைக்கும். தீவனம் வைக்க, சாணம் அள்ள இது போதும். லாடம் கட்டும் மூலையில் மூன்று ட்யூப் போடுங்கள். குளம்பில் ஆணி எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் அடிப்பது குதிரைக்குப் பெரிய வதை.

அறையின் நடு உச்சியில் ஒரே விளக்கு வைத்தால் குதிரையின் வயிற்றுக்கும் காலுக்கும் நிழல் விழும். காயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முன்பக்கச் சுவரோரம் ஒன்று, முடிந்தால் எதிர்ச் சுவரில் ஒன்று, பத்தடி உயரத்தில், உடையாத பாலிகார்பனேட் மூடியோடு. நடைபாதையின் இரண்டு முனையிலும் டூ வே ஸ்விட்ச் இருந்தால் இருட்டில் யாரும் தடவ வேண்டாம்.

இரவு முழுக்க விளக்கு எரிய விடாதீர்கள். குதிரைக்கும் இருட்டு வேண்டும். இரவில் எட்டிப்பார்க்க மட்டும் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று போதும். குதிரையின் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டு வகைதான். சிவப்பு அதற்கு மங்கலாகத்தான் தெரியும், தூக்கம் கெடாது. வெளி வாசலுக்கு வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் சாயல் கொண்டது வாங்குங்கள். மழைக்காலத்து ஈசலும் பூச்சியும் அதற்குக் குறைவாகவே வரும்.

ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கு வாங்கும் டேபிள் ஃபேனை லாயத்தில் வைக்காதீர்கள். மோட்டார் திறந்திருக்கும், வைக்கோல் தூசி உள்ளே படிந்து சூடேறித் தீப்பிடிக்கும். முழுக்க மூடிய மோட்டார் உள்ள சுவர் ஃபேன் விலை கூடுதல்தான், அதையே வாங்குங்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள்.

ஏழாம் படி: கேமரா

கேமரா திருடனுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது வயிற்று வலிக்காகவும் ஈனுவதற்காகவும். வயிறு வலிக்கும் குதிரை தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைக் காலால் பிராண்டும், படுத்துப் புரளும். இரவு இரண்டு மணிக்கு அது தொடங்கினால் காலை ஆறு மணிக்குள் காரியம் கைமீறிவிடும். ஈனும் குதிரை பெரும்பாலும் ஆள் நடமாட்டம் அடங்கிய இரவில்தான் ஈனும். பனிக்குடம் உடைந்த பிறகு அரை மணிக்குள் குட்டி வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் மருத்துவர் ஏற்கெனவே வழியில் இருக்க வேண்டும். பதினோரு மாதம் காத்திருந்து அந்த அரை மணியைத் தவறவிடக் கூடாது. அதனால் மைக் உள்ள கேமராவாக வாங்குங்கள். முனகலும் கால் உதைக்கும் சத்தமும் படத்துக்கு முன்பே சேதி சொல்லும்.

அறைக்கு ஒன்று. கதவுக்கு எதிர் மூலையில், பத்தடி உயரத்தில், கீழ்நோக்கி, 2.8 மி.மீ. லென்ஸ், 4 மெகாபிக்சல். இந்த லென்ஸ் அகலமாகப் பார்க்கும், மூலையிலிருந்து அறை முழுக்க வந்துவிடும். ஜன்னலைப் பார்த்தபடி வைத்தால் பகலில் குதிரை கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நடைபாதைக்கு ஒன்று, வைக்கோல் இடத்துக்கு ஒன்று, வெளிக் கேட்டுக்கு ஒன்று. வேலையாள் தங்கும் அறையைப் பார்த்தபடி எதுவும் வேண்டாம். கேமரா இருப்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒயரில் கரண்டும் படமும் போகும் பி.ஓ.இ. கேமராதான் லாயத்துக்கு ஏற்றது. கேமரா பக்கம் அடாப்டரோ பிளக்கோ தேவையில்லை, 230 வோல்ட் ஒயர் கேமரா வரைக்கும் போகாது. வெயில் தாங்கும் கேட் 6 கேபிள், 100 மீட்டருக்குள். அதைக் கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் திணிக்காமல் ஓரடி தள்ளித் தனிப் பைப்பில் விடுங்கள். அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள், இல்லையென்றால் விளக்கு வெளிச்சத்தில் கோடு கோடாக ஓடும். கடைக்காரர் வைத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள்.

பதிவுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் ஒரு கேமராவுக்கு 2 எம்.பி.பி.எஸ். வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. நான்கு குதிரை லாயத்தின் ஏழு கேமராவுக்கு 151 ஜி.பி. 2 டி.பி. டிஸ்க்கில் 13 நாள் நிற்கும். கேமராவுக்கென்றே விற்கும் டிஸ்க்காக வாங்குங்கள், இருபத்து நான்கு மணி நேரமும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா. போனில் பார்க்கச் சின்ன அளவுப் படமே போதும், கிராமத்து நெட்டுக்கு அதுதான் தாங்கும்.

இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டும். காற்றில் வலை ஆடினாலே ஏதோ அசைகிறது என்று போன் கூவும், நான்கு நாளில் நீங்கள் சத்தத்தை அணைத்துவிடுவீர்கள். தனி அகச்சிவப்பு விளக்கை நான்கைந்து அடி தள்ளி வைத்து, கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டால் பூச்சியும் சிலந்தியும் அங்கே போய்விடும்.

எட்டாம் படி: கரண்ட் போனால், இடி இடித்தால்

கேமரா, பதிவுப் பெட்டி, ரவுட்டர், சிவப்பு விளக்கு, இவற்றை மட்டும் இன்வெர்ட்டரில் போடுங்கள். 150 ஆம்பியர் மணி, 12 வோல்ட் பேட்டரியில் 1,800 வாட் மணி இருக்கும். அதில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தாலும், 60 வாட் சுமைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும். பேட்டரியை வைக்கோல் பக்கம் வைக்காமல் காற்றோட்டமான தனி இடத்தில் வையுங்கள்.

சித்திரை, வைகாசி மாலை இடிமழையில் நம் பக்கம் எரிந்துபோகும் கேமராக்களில் பல, நேரடியாக இடி விழுந்து எரிந்தவை அல்ல. வீட்டுக்கும் லாயத்துக்கும் நடுவே ஓடும் நீண்ட செம்பு ஒயரில் தூண்டப்படும் வோல்டேஜ்தான் இரு முனையிலும் உள்ளதைச் சுடுகிறது. அந்த 60 மீட்டருக்கு நெட் கேபிளுக்குப் பதில் கண்ணாடி இழைக் கேபிள் போட்டு, இரு முனையிலும் சிறிய மாற்றிப் பெட்டி வையுங்கள். கண்ணாடியில் கரண்ட் ஓடாது. டி.பி. பெட்டியில் திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் ஒன்றும் போடச் சொல்லுங்கள்.

மேய்ச்சல் வேலிக்கு மின்வேலி வைப்பவர்கள் அதற்கென்று விற்கும் முறையான துடிப்புக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் எர்த் லாயத்து எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, தனியாக. லைன் கரண்டை நேரடியாக வேலியில் விடுவது குற்றம். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் காட்டோரத்தில் யானை வரும் இடங்களில் அது யானையையும் கொல்லும், விடியற்காலை வயலுக்குப் போகும் மனிதரையும் கொல்லும்.

ஒன்பதாம் படி: குதிரையை உள்ளே விடும் முன்

ஒயர்மேனிடம் ஒயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கர் சோதனையும் எர்த் தடை அளவும் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யிலும் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். இதை மாதம் ஒருமுறை செய்ய வேண்டும். அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அப்புறம் தொட்டிச் சோதனை. தரையை நன்றாக நனையுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இரு முனைக்கும் குறுக்கே 500 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டுங்கள், அது குதிரையின் உடம்புக்குப் பதில். ஒரு முனை குழாயில், மறுமுனை ஈரத் தரையில் அழுத்திய தகடு ஒன்றில். பம்ப், சாஃப் கட்டர், ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுப் பாருங்கள். ஒரு வோல்ட்டைத் தொட்டாலே காரணத்தைத் தேடுங்கள். எங்கள் லாயத்தில் மோட்டாரை மாற்றி, எர்த் இழுத்து, தொட்டி முன் கம்பி பதித்த பிறகு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்தது. இந்தச் சோதனையைக் கோடை முடியும்போது ஒருமுறையும் ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒருமுறையும் செய்யுங்கள். மண் காய்ந்தபோது ஒரு கணக்கு, ஊறியபோது வேறு கணக்கு.

டி.பி. பெட்டியின் கதவில் இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், வேலையாளுக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்: குதிரை காரணமில்லாமல் விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தொடாதே. முதலில் மெயினை அணை. கம்பத்து ஒயர் அறுந்து கிடந்தால் பத்து மீட்டருக்குள் போகாதே, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல். தீ என்றால் 101. அதன் பிறகு மருத்துவர். அவர் எண்ணை உங்கள் கையால் கடைசி வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.